ஒரே வகை மட்டும் வளர்ந்த தட்டு

நுண்ணங்கியியல் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குக் கிருமி வளர்க்கும் தட்டு ஊற்றவும் சாயம் போடவும் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பொறாமையைப் பற்றி எவரும் சொல்லித்தர மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன். எனக்கு அதில் நீண்ட அனுபவம் உண்டு.

கண்டியில் ஒரு பெரிய வைத்தியசாலையில் என் உத்தியோக காலம் முழுவதும் போயிற்று. எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். எங்கள் ஆய்வுகூடம் கீழ்மாடியில் இருந்தது. மேலே வார்டுகளிலிருந்து சளி, சீழ், சிறுநீர், மலம் என்று போத்தல்கள் இறங்கி வரும். அவற்றில் என்ன வளர்கிறது என்று பார்த்து நாங்கள் மேலே எழுதி அனுப்புவோம். நோயாளி பிழைத்தால் மேலே இருக்கிற வைத்தியரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். கீழே ஒருத்தி இருந்தாள் என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. இது முறைப்பாடு அல்ல. எங்கள் தொழில் அப்படி. ஆனால் பொறாமைக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது.

என் பொறாமைக்கு ஒரு பெயரும் இருந்தது. சுகந்தி.

யாழ்ப்பாணத்தில் சுகந்தியும் நானும் ஒரே பள்ளிக்கூடம். பிறகு வைத்திய பீடத்தில் ஒரே வகுப்பு. உள்ளகப் பயிற்சிக்குக் கண்டிக்கு வந்தபோது அம்பிட்டியவில் ஒரே வாடகை அறை. எல்லா இடத்திலும் அவள் முன்னால், நான் ஓரடி பின்னால். நான் இராப்பகலாகப் படித்து எழுதுவதை அவள் தலையை வாரிக்கொண்டே சொல்லிவிடுவாள். பேராசிரியர்களுக்கு அவளுடைய பெயர் வாயில் இருக்கும். என்னை "சுகந்தியோடு வருகிற பிள்ளை" என்பார்கள்.

தமிழருக்கு எதிரான கலவரம் வந்த ஆடி மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சிங்களத் தாதியின் வீட்டு உள்ளறையில் கிடந்தோம். வாசலில் ஆட்கள் வந்து கேட்டபோது, உள்ளே என் பிள்ளைகள்தான் படுத்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா சத்தம் போட்டுச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. டயர் எரிகிற மணம் யன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பவா, நான் இனி இந்த நாட்டிலை இருக்கமாட்டன்" என்றாள். சொன்னபடியே அடுத்த சில மாதங்களில் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. அப்பா பாரிசவாதத்தில் படுத்திருந்தார், என்னைவிட்டால் அவருக்கு ஆளில்லை. எவரும் விரும்பாத நுண்ணங்கியியலில் இடம் காலியாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, சண்டை உச்சத்தில் இருந்தபோது, சுகந்தி திரும்பி வந்தாள். இரத்த நோய்களுக்கான விசேட வைத்திய நிபுணராக, அதே வைத்தியசாலைக்கு. ஊரில் எல்லோரும் வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் வந்ததை ஒரு அதிசயமாகப் பேசினார்கள். தாதிமார் அவளுடைய சேலைகளைப் பற்றிப் பேசினார்கள். மாணவர்கள் அவளுடைய வார்டுச் சுற்றுக்கு முண்டியடித்தார்கள். போகாமல் இருந்தவளை ஏன் இருந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. திரும்பி வந்தவளைக் கண்டி முழுக்கக் கொண்டாடியது.

"ஏன் வந்தனி?" என்று நான் அவளைக் கேட்டேன்.

"குளிரடி, தாங்கேலாது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக்கூட நான் விரும்பவில்லை.

அவளிடம் வந்த ஒரு நோயாளியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கலைச்செல்வன் மடுல்கெல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர். இளைஞன். இரத்தப் புற்றுநோய். எலும்பு மச்சை மாற்றினால்தான் பிழைப்பான் என்று சுகந்தி கண்டுபிடித்து, தமிழ்நாட்டில் தனக்குத் தெரிந்த வைத்தியர்களுக்கு எழுதி, அங்கே அனுப்பி வைத்தாள். அந்த வைத்தியம் எப்படி என்றால், கடுமையான மருந்துகளைக் கொடுத்து நோயாளியின் சொந்த மச்சையை முற்றாக அழித்துவிடுவார்கள். பிறகு பொருந்துகிற உறவினர் ஒருவரின் மச்சையிலிருந்து, இரத்தத்தை உண்டாக்குகிற கலங்களை எடுத்து ஏற்றுவார்கள். கலைச்செல்வனுக்குப் பொருந்தியது அவனுடைய அக்கா ராணியின் மச்சை. ராணி கொழுந்து பறிக்கிறவள். கப்பலையே பார்த்திராதவள், தம்பிக்காக விமானம் ஏறிப் போய் வந்தாள்.

திரும்பி வந்து சில வாரங்கள் நன்றாக இருந்தான். பிறகு காய்ச்சல், அதன்பின் வயிற்றோட்டம். தோட்ட மருந்துச்சாலையில் ஒரு அன்டிபயொடிக், பிறகு வேறொன்று, எங்கள் வார்டுக்கு வந்த பிறகு ஊசியாக இன்னும் இரண்டு. காய்ச்சல் விட்டபாடில்லை. வயிற்றோட்டம் கூடிக்கொண்டே போனது. உள்ளங்கையில் மெல்லிய சிவப்பும் இருந்தது.

மச்சை மாற்றியவர்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் இரண்டு வழியில் யோசிக்க வேண்டும். ஒன்று, புதிதாக ஏற்றிய இரத்தக் கலங்கள் நோயாளியின் உடம்பை அந்நியன் என்று நினைத்துத் தோலையும் குடலையும் தாக்குவது. அதற்கு ஸ்டீரொயிட்டை அதிகமாகக் கொடுத்து அந்தக் கலங்களை அடக்க வேண்டும். மற்றது, குடலில் கிருமி. கிருமி இருக்கும்போது ஸ்டீரொயிட்டை அள்ளிக் கொடுத்தால் நோயாளியைக் கிருமியின் கையில் ஒப்படைத்த மாதிரி. இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சுகந்திக்கு முதலாவதுதான் என்று பட்டது. இங்கிலாந்தில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவள். எனக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"பவா, சல்மொனெல்லா, ஷிகெல்லா இல்லையெண்டு மட்டும் நாளைக்குச் சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

'மட்டும்' என்ற அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதை அவள் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் போத்தல் வந்த அன்றே நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். வழமையான தட்டுகளோடு இன்னொரு தட்டையும் போட்டு, காற்றை அகற்றிய ஜாடிக்குள் மூடி வைத்தேன். காற்றிருந்தால் வளராத பற்றீரியாக்களுக்கான ஜாடி அது. அதிலிருந்து காற்றை அகற்றும் பொதிகள் அந்த நாட்களில் கிடைப்பது அருமை. கேட்காத பரிசோதனைக்கு எவரும் அதை உடைக்க மாட்டார்கள். நான் உடைத்தேன். ஏன் என்று கேட்டால், நோயாளியின் மேலிருந்த அக்கறை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சுகந்தி கேட்காத ஒன்றை நான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எரிச்சல்தான் என் கையை அந்தப் பொதிக்குக் கொண்டுபோனது.

அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. நகரில் குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. காலையில் வேலைக்கு வரும்போதே வீதியில் ஆமிக்காரர் நின்றார்கள். பஸ்களை மறித்துத் தமிழர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கி, அடையாள அட்டையையும் வைத்தியசாலை அட்டையையும் காட்டிவிட்டு, மீதித் தூரம் நடந்து வந்தேன்.

தட்டுகளை எடுத்தேன். சல்மொனெல்லா இல்லை, ஷிகெல்லாவும் இல்லை. சுகந்தி கேட்டதற்கு அதுதான் பதில். "நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் என் வேலை முடிந்துவிடும். அது முழு உண்மை. எந்த விசாரணையிலும் என்னை ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் இனிப் பார்ப்பீர்கள், சுகதேகியின் மலத்தைத் தட்டில் இழுத்தால் சந்தை நாள் மாதிரி இருக்கும். பெரியது, சிறியது, பளபளப்பானது, மங்கலானது என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்திருக்கும். கண்ணாடியில் பூசிச் சாயம் போட்டால் சிவப்பும் ஊதாவுமாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். கலைச்செல்வனின் தட்டு ஊரடங்கு நேரத்துக் கண்டி போல வெறிச்சோடிக் கிடந்தது. வழமையாக இருக்க வேண்டிய குடும்பங்கள் ஒன்றையும் காணவில்லை. அடுத்தடுத்துக் கொடுத்த மருந்துகள் அவற்றைத் துடைத்தெடுத்திருந்தன. கண்ணாடியில் தெரிந்தது ஒரே வகைதான். தடித்த, ஊதா நிறக் கோல்கள். ஆளில்லாத ஊருக்குள் புகுந்த பட்டாளம் மாதிரி, எல்லா இடமும் அவைதான்.

காற்றகற்றிய ஜாடியைத் திறந்தேன். மணம் முகத்தில் அடித்தது. பெரஹரா ஊர்வலக் காலத்தில் யானைகளைக் கட்டியிருக்கிற இடத்தைக் கடந்து போனவர்களுக்கு அந்த மணம் தெரியும். அந்த மணத்தோடு வளர்கிற பற்றீரியா ஒன்று உண்டு. சாதாரண குடலில் அதற்கு இடமில்லை. மற்றவை எல்லாம் இருந்து நெருக்குவதால் அது தலைதூக்காது. அன்டிபயொடிக் மற்றவற்றைக் கொன்றுவிட்டால் அது குடல் முழுவதும் பரவி, நஞ்சைச் சுரந்து, குடற்சுவரை அரித்துவிடும். நஞ்சைச் சோதிக்க எங்களிடம் வசதியில்லை. கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அன்றைக்கு வீதி மூடியிருந்தது. ஆக, நிரூபணம் என்னிடம் இல்லை. மணமும் பார்வையும்தான் இருந்தன.

அந்த நேரம் ஒரு எண்ணம் வந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலை அனுப்பிவிட்டு இருந்தால் என்ன? சுகந்தி ஸ்டீரொயிட் கொடுப்பாள். அது பிழையாகிப் போகும். அவள் ஒருமுறையாவது பிழைவிட்டதை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த எண்ணம் ஒரு நொடிதான் நின்றிருக்கும். அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய பொறாமை வந்து அதைத் தள்ளிவிட்டது. அவள் பிழைவிட்டால் மட்டும் போதாது, நான் சரியாக இருக்க வேண்டும், அதை எல்லோரும் பார்க்க வேண்டும். அறிக்கையை எழுதாமல் மேசையில் போட்டுவிட்டு மாடி ஏறினேன். நல்லவள் என்பதால் ஏறினேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வார்டில் சுகந்தி இல்லை. அவளுடைய உள்ளகப் பயிற்சி வைத்தியர், அக்குறணைப் பையன், ரிஸ்வான், கையில் ஊசியோடு கட்டிலருகே நின்றார்.

"பெரிய மெடம் எங்கே?"

"பொலிஸுக்குப் போய் ஈக்காங்க மெடம். இந்தப் பேஷண்ட்ட ராத்தா ராணிய பிடிச்சிட்டுப் போய்ட்டாங்க. சவுக்காரம் வாங்க டவுனுக்குப் போனவங்க. ஐடென்டி கார்ட் இல்லயாம்."

"இது என்ன ஊசி?"

"ஸ்டீரொயிட் மெடம். பகலுக்குள்ள லெப்ல இருந்து ஒண்டும் இல்லண்டு வந்தா, போடச் சொல்லி எழுதி வெச்சிட்டுப் போய் ஈக்காங்க. உங்கட ரிப்போட்டத்தான் பாத்துட்டு ஈந்தேன்."

"போடவேண்டாம். கொஞ்சம் பொறுங்க."

கலைச்செல்வன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "இன்னைக்கு அவ்வளவா வெளியே போகலீங்க டொக்டர். கொஞ்சம் பரவால்ல போல இருக்கு" என்றான்.

எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. நான் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தேன். மேளம் மாதிரி இறுகிப் போயிருந்தது. வயிற்றோட்டம் குணமாகி நிற்கவில்லை. குடல் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. அந்த நிலையில் ஸ்டீரொயிட்டை ஏற்றினால் குடல் ஓட்டையானாலும் வெளியே தெரியாது. தெரியும்போது ஆள் இருக்கமாட்டான்.

"பெரிய மெடத்துக்கு ஃபோன் பண்ணினீங்களா?"

"பொலிஸுக்கு எடுத்துப் பாத்தேன். ஆரும் தூக்குறாங்க இல்ல. மெடம், அவங்க எழுதினத நான் எப்புடி மாத்துற? என்னயக் கொண்டு போட்டுருவாங்க."

"நீங்க மாத்த வேண்டாம். நான் எழுதுறேன்."

இன்னொரு நிபுணரின் நோயாளியின் அட்டையில் ஆய்வுகூடக்காரி எழுதுவது என்பது, கூப்பிடாத வீட்டுக் குசினிக்குள் புகுந்து அடுப்பை அணைப்பது மாதிரி. பேனையை எடுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நான் சொல்வது சரி என்பதாலா எழுதுகிறேன், சுகந்தி சொன்னதற்கு எதிர் என்பதாலா? அந்த இடத்தில் நின்று எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டேன். இதே கட்டளையை வேறு ஒருவர், எனக்குப் பிடித்த ஒருவர் எழுதியிருந்தாலும் நான் இதை நிறுத்துவேனா? வயிற்றில் வைத்த கை இன்னும் அந்த இறுக்கத்தை மறக்கவில்லை. நிறுத்துவேன். எழுதினேன். என் பெயரையும் முழுதாக எழுதினேன்.

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எவர்மீதும் பொறாமை வராது என்று நான் நம்பவில்லை.

பிறகு சத்திரசிகிச்சை நிபுணரைத் தேடி ஓடினேன். குண்டில் காயம்பட்டவர்களோடு நாட்கணக்காகத் தூங்காதிருந்த சிங்கள வைத்தியர். முதலில் என்மீது எரிந்து விழுந்தார். மலவாசல் வழியாகக் குழாயை வைத்து உள்ளே ஒருமுறை பார்த்தால் போதும், அதற்குமேல் கேட்கமாட்டேன் என்று கெஞ்சினேன். வந்தார். குழாயை மெதுவாக, சிறிது தூரம் மட்டும் செலுத்திக் கண்ணை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சிவந்த குடற்சுவரில் தயிர் சிந்தியது போல வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுகள் ஒட்டியிருந்தன. அந்த நஞ்சு அரித்த குடல்தான் அப்படி இருக்கும்; நிரூபணம் கிடைத்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், அந்தப் பையன் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறான் என்பதே ஒரு கணம் நினைவில் இல்லை.

சுகந்தி ராணியோடு திரும்பி வந்தபோது பின்னேரமாகிவிட்டது. பொலிஸ் நிலைய வாசலில் வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. வெள்ளைக் கோட்டில் சேறு. அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ர நோயாளியிலை நீ எப்பிடியடி கை வைச்சனி?"

"வயித்தைத் தொட்டுப் பார். பிறகு பேசு."

"பவா, நான் உன்னட்டைக் கேட்டது ஒண்டு."

"நீ கேட்ட கிருமி இல்லைத்தான். நீ கேக்காததுதான் அவனைக் கொல்லுது."

சத்திரசிகிச்சை நிபுணர் எழுதி வைத்ததைக் காட்டினேன். வாசித்தாள். போய் வயிற்றைத் தொட்டாள். திரும்பி வந்து ஊசியை வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். நான் எதிர்பார்த்த முகம் அவளிடம் இல்லை. தோற்றவளின் முகத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு நேரம் காத்திருந்தேன். அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

"சரி. இப்ப என்ன குடுப்பம்?"

"இதுக்குக் குளிசை இருக்கு. ஆனா மற்ற ரெண்டு அன்டிபயொடிக்கையும் நிப்பாட்டோணும்."

"விசரா உனக்கு? காய்ச்சல் கிடக்கு. வெள்ளைக் கலம் குறைவு. நிப்பாட்டினா இரத்தத்திலை கிருமி ஏறி விடியமுன்னம் முடிஞ்சிடும்."

"அதைக் குடுத்துக்கொண்டே இருந்தா அவன்ர குடலிலை நல்லது ஒண்டும் திரும்ப முளைக்காது. காவலுக்கு ஆளில்லாத வீட்டிலை கள்ளனைப் பிடிச்சு என்ன பிரயோசனம்?"

அரை மணித்தியாலம் வழக்காடியிருப்போம். ரிஸ்வான் சுவரோடு ஒட்டி நின்றார். கடைசியில் சுகந்தி கேட்டாள்: "நீயெண்டா நிப்பாட்டுவியா?"

"நிப்பாட்டுவன்."

"செத்துப் போனா?"

கீழ்மாடியில் இருந்த இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை. சுகந்தி பேனையை எடுத்து இரண்டு மருந்துகளையும் வெட்டினாள். என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டாள். "நாளாந்தம் இரத்தம் அனுப்புவன். நீயே பார். வேற ஆரிட்டையும் குடுக்காதை" என்றாள்.

அப்போதுதான் ராணி கதவடியில் நிற்பதைக் கண்டோம். நாங்கள் பேசியது எவ்வளவு கேட்டதோ தெரியாது.

"டொக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா? அங்க இந்தியாவுல சொன்னாங்க, என்னோட ரத்தம் தம்பி உடம்பத் தாக்கலாமுன்னு. என் ரத்தந்தான் அவன அடிக்குதுங்களா?"

எனக்கு அந்த இடத்தில் சொல்ல நல்ல பதில் இருந்தது. இல்லை, இது கிருமி, உன் இரத்தம் அல்ல. நானே கண்டுபிடித்த பதில். வாயைத் திறந்தேன். ஆனால் உள்ளங்கைச் சிவப்பு என் நினைவுக்கு வந்தது. முழுவதும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

சுகந்தி போய் அவளுடைய தோளில் கை வைத்தாள். "நீங்க தம்பிக்குச் சின்ன வயசில அடிச்சதே இல்லையா?"

"அடிச்சிருக்கேன். வீட்ட விட்டு ஓடுவான்ல."

"செத்தா போனான்? அதே மாதிரித்தான். அக்காட இரத்தம் கொஞ்சம் அடிக்கும். அடிக்கப் போனா நாங்க கையப் பிடிச்சுக்கொள்ளுவம். ஆனா அந்த இரத்தம் இல்லாட்டி அவன் போன வருஷமே இல்ல."

ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்குள் சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டை வாசிக்க எனக்குத் தெரியும். அந்த வசனத்தைச் சொல்ல எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் தரப்பில் எல்லாம் சரியாக நடந்த நாள். அப்படியிருந்தும் மாடிப்படி இறங்கும்போது நெஞ்சு எரிந்தது.

அடுத்த நாட்கள் எனக்கு மிகவும் கடினமானவை. நாளாந்தம் அவனுடைய இரத்தப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே கிருமி வளர்ந்து கலங்கினால் நான் கொன்றவளாவேன். கலங்கவில்லை. வயிறு இளகியது. காய்ச்சல் மெல்ல இறங்கியது. பிறகு ஒரு நாள் உள்ளங்கைச் சிவப்பு கூடி, தண்ணீராக மறுபடியும் வயிற்றோட்டம் தொடங்கியது. அனுப்பிய மலத்தில் அந்தக் கிருமி இல்லை, மணமும் இல்லை. சுகந்தி கீழே என் மேசைக்கே வந்தாள். முதன்முறையாக.

"இப்ப குடுக்கலாமா?"

"இப்ப குடு."

ஸ்டீரொயிட்டைத் தொடங்கினாள். அது கேட்டது. ஆக, அவள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. எது முதலில் என்பதுதான் ஒரு உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருந்தது. பல வாரங்கள் கழித்து அவனுடைய தட்டில் பழைய குடும்பங்கள் ஒன்றிரண்டாகத் திரும்பி வரத் தொடங்கின. முதலில் வந்த ஒரு சின்னப் பளபளப்பான புள்ளியைக் கண்டபோது நான் ஆய்வுகூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மலத்தட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிறவளை அவர்கள் கண்டதில்லை.

கலைச்செல்வன் மெலிந்து, மொட்டைத் தலையில் பூனைமயிர் மாதிரி முடி முளைத்து, தோட்டத்துக்குத் திரும்பிப் போனான். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போனான். போகிற அன்று சுகந்தியின் காலில் விழுந்தானாம். ரிஸ்வான் வந்து சொன்னார். கீழே வரவில்லை. அவனுக்கு வழி தெரியாது.

அதன்பின் சுகந்தி குடல் சம்பந்தமாக எந்தக் கட்டளையையும் என்னைக் கூப்பிடாமல் எழுதவில்லை. நான் வார்டுக்கு ஏறத் தொடங்கினேன். நாங்கள் கூடி வேலை செய்தோம் என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். உண்மை. அதேநேரம் அவளுக்கு ஒரு பாராட்டு வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை அவள் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போயிருந்தபோது அங்கிருந்து என்னை அழைத்து, "பவா, இஞ்சை குடலிலை இருக்கிற பற்றீரியாவை வளர்க்காமலே, மரபணுவாலை எண்ணுறாங்கள். மச்சை மாத்தின பிறகு ஆர் ஆர் அழிஞ்சு போயினம், ஆர் முதலிலை திரும்பி வருகினம் எண்டு எல்லாம் தெரியுமாம்" என்று குதூகலமாகச் சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு கிழமை முழுவதும் அவளோடும் பேசவில்லை, என் தட்டுகளோடும் பேசவில்லை.

இன்றைக்கு நீங்கள் அதையெல்லாம் சாதாரணமாகச் செய்கிறீர்கள். உங்களிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நான் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய நாளில் ஆய்வுகூடத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். சுகந்தி பேசினாள். என்னைவிட நன்றாகவே பேசினாள். முடிந்த பிறகு இரண்டு பேரும் வெளியே படிக்கட்டில் நின்றோம். அவளுக்கு ஒரு வடையை எண்ணெய் துடைத்துக் கொடுத்துக்கொண்டே, எதனால் என்று தெரியாது, சொல்லிவிட்டேன்.

"எனக்கு உன்னிலை எப்பவும் பொறாமை, தெரியுமோ?"

"தெரியும். பள்ளிக்கூடத்திலையே தெரியும்."

"அப்ப ஏன் என்னை வார்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தனி?"

வடையைக் கடித்து, மென்று முடிக்கும்வரை அவள் யோசித்தாள்.

"அங்கை எல்லாரும் என்னை நம்பிச்சினம், பவா. நோயாளி, நேர்ஸ்மார், பெடியள் எல்லாரும். நான் பிழை எழுதினாலும் அப்பிடியே குடுத்திருப்பினம். நான் எப்ப பிழை விடுவன் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளாவது பக்கத்திலை வேணும். உன்னை விட்டா ஆர்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டாள். நான் அம்பிட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு நல்ல வசனம் எனக்கு முதலில் தோன்றவில்லையே என்று வீடு போய்ச் சேரும்வரை எரிந்துகொண்டுதான் போனேன்.